கால் முளைத்த பித்தான்கள்

என் நாத்தனாரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு முதலில் கோபம் வரும், அப்புறம் சிரிப்பு வரும். இரண்டும் சேர்ந்து வந்தால் புரையேறிவிடும். ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நடுவில் கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் என் கணவரின் ஒரே தங்கை. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். நான் தையல்காரி, கீழே முன்னறைதான் என் கடை. அவளுக்கு மீன் பண்ணையில் வேலை. மீன் பண்ணை என்றதும் மீன் வளர்க்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். பண்ணைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. அதில் அவள் ஆற்றுச் சிப்பி வளர்க்கிறாள். தின்பதற்கா என்றால் இல்லை. முத்தெடுக்கவா என்றால் அதுவும் இல்லை. வளர்த்து, பெரிதாக்கி, திரும்பவும் ஆற்றிலேயே கொண்டுபோய் விடுவதற்கு. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் இதைச் சொன்னபோது, வந்ததும் வராததுமாக அண்ணியைக் கிண்டல் செய்கிறாளே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே அதுதான் வேலை.

"சிப்பி சும்மா உக்காந்திருக்குன்னு நினைக்காதீங்க அண்ணி," என்பாள். "நாள் பூரா தண்ணிய உள்ள இழுத்து, அழுக்கைத் தின்னுட்டு, சுத்தமான தண்ணிய வெளிய விடுது. ஆறு தானா சுத்தமாகுதுன்னா நினைச்சீங்க?"

நான் ஆற்றைப் பற்றி எதுவுமே நினைத்ததில்லை. என் கவலையெல்லாம் குளியலறை வடிகாலைப் பற்றித்தான். அவள் குளித்துவிட்டு வந்தால் அதில் ஒரு பிடி மணல் கிடக்கும். துணி துவைக்கிற மெஷினைத் திறந்தால் கூழாங்கல் உருளும். சட்டைக் கை எப்போது பார்த்தாலும் முழங்கை வரை ஈரம். சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு நுண்ணோக்கி. அந்த ஜாடியும் அவளுக்குத்தான் உபயோகம். சிப்பிக் குஞ்சு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு துளித் தண்ணீரில் குஞ்சுகளை விட்டு ஒரு கல் உப்பைப் போடுவாள். உயிர் இருந்தால் வாயைச் சட்டென்று மூடிக்கொள்ளும். எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்துபோவது சமையலால் இல்லை.

அவள் உயிரையே வைத்திருந்தது தலைகவ்வி என்ற ஒரு வகைச் சிப்பியின் மேல். அந்தப் பெயர் அவள் வைத்தது இல்லை, ஆற்றில் வலை போடுகிறவர்கள் வைத்தது. அது செய்கிற வேலையைக் கேட்டால் நீங்களும் அதே பெயரைத்தான் வைப்பீர்கள். சிப்பிக் குஞ்சு பிறந்ததும் தானாகப் பிழைத்துக்கொள்ளாது. ஏதாவது ஒரு மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில வாரம் இருந்தால்தான் அதற்குக் கால் முளைக்கும், குடல் முளைக்கும். அப்புறம் தானே கழன்று மணலில் விழும். ஆக, மீன்தான் அதற்கு ஆயா. மற்ற சிப்பிகள் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு, ஏதோ ஒரு மீன் வரும் என்று இருந்துவிடும். தலைகவ்விக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஓட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். மீன் வந்து மூக்கை நுழைத்ததோ இல்லையோ, தலையைக் கவ்விப் பிடித்து, குஞ்சுகளை எல்லாம் அதன் முகத்திலேயே ஊதிவிட்டு, அப்புறம்தான் போனால் போகிறது என்று விடும்.

இதை அவள் சாப்பிடும் நேரத்தில் செய்து காட்டினாள். என் கணவரின் தலையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, "இப்ப ஊதுறேன் பாரு அண்ணா," என்றாள். வாய் நிறையச் சாப்பாட்டோடு அவர் திமிறினார். தட்டு கவிழ்ந்தது.

"பார்த்தீங்களா அண்ணி, மீனும் இப்படித்தான் திமிறும்," என்றாள். இறைந்ததை எல்லாம் துடைத்தது நான்.

சரி, எந்த மீன்? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. கண்ட மீனும் ஆயா வேலைக்கு ஆகாது. ஒத்துவராத மீனாக இருந்தால் அதன் உடம்பு சில நாளிலேயே குஞ்சுகளைக் கொன்று உதறிவிடும். ஆற்றின் குறுக்கே தடுப்பணை வந்ததிலிருந்து அந்த ஆயா மீன் மேலே ஏறி வருவது நின்றுவிட்டது என்பது வரை என் நாத்தனார் ஊகித்திருந்தாள். ஆயா இல்லாததால் ஆற்றில் குட்டித் தலைகவ்வி ஒன்றுகூடக் கிடையாது. வருஷக்கணக்காக முகமூடி மாட்டிக்கொண்டு தண்ணீரில் குப்புறக் கிடந்து தேடியதில் அவளுக்குக் கிடைத்தவை மூன்று கிழவிகள், ஒரு கிழவன். அவ்வளவுதான் பாக்கி. கிழவிகள் மூன்றும் அந்த வருஷம் குஞ்சு சுமந்துகொண்டிருந்தன.

அந்த வருஷம் பார்த்துத்தானா தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வரவேண்டும்? கொட்டகையில் இனி அழகுக்கு வைக்கிற வண்ண மீன் வளர்க்க வேண்டுமாம். இந்தப் பருவத்தில் தலைகவ்விக்குக் குஞ்சு தங்கினால் பார்க்கலாம்; தங்காவிட்டால் கொட்டகையை ஒப்படைத்துவிட்டு என் நாத்தனார் கணக்குப் பிரிவுக்குப் போய் உட்கார வேண்டும். என் கணவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

"நாற்காலி, மின்விசிறி, காய்ஞ்ச துணி. வேற என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டார்.

"இந்தத் தடவை தவறிப்போச்சுன்னா அவ்வளவுதான் அண்ணா. அப்புறம் இந்த ஜீவனே உலகத்துல இருக்காது," என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்த என் கணவர் அதற்குப் பிறகு நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை.

பண்ணை மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். பார்த்ததாகச் சரித்திரமே இல்லை. நான் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர் வைத்துவிட்டேன். என் நாத்தனார் அவரிடம் போய், ஒவ்வொரு வகை மீனுக்கும் ஒரு தொட்டி வேண்டும், ஒவ்வொரு தொட்டியின் வெளிக்குழாய்க்கும் ஒரு நுண்சல்லடை வேண்டும் என்று கேட்டாள். மீனிலிருந்து கழன்று விழும் குஞ்சு மணலைவிடப் பொடி. சல்லடை இல்லாவிட்டால் தண்ணீரோடு போய்விடும். ஆகட்டும், பார்க்கலாம் என்றார். தொட்டி வந்தது, சல்லடை வரவில்லை.

அதனால் சல்லடைத் துணி வாங்கிப் பைகளாகத் தைத்துக் குழாய் வாயில் கட்டுவது என்று முடிவெடுத்தாள். துணியை என்னிடம் கொண்டுவந்தாள். கையில் பிடித்தால் வழுக்கும், ஊசியை மழுக்கும், கத்தரியைக் கெடுக்கும் துணி. எனக்கு அப்போது பள்ளிக்கூடச் சீருடை வேலை தலைக்கு மேல் இருந்தது.

"போடி, நீயும் உன் துணியும்," என்றேன்.

"சரி அண்ணி, மெஷினை மட்டும் குடுங்க, நானே தைச்சுக்கிறேன்," என்று என் மெஷினில் உட்கார்ந்தாள். இருப்பதிலேயே தடித்த ஊசியாகப் பார்த்து மாட்டிக்கொண்டாள். விட்டுப்போகக் கூடாதாம், கெட்டியாக இருக்க வேண்டுமாம். ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு தையலுக்கு மூன்று தையல் போட்டாள். அடிப்பக்கத்துக்கு நான்கு. சும்மா சொல்லக்கூடாது, யானையைக் கட்டி இழுத்தாலும் பிரியாத பைகள்.

அப்புறம் ஆயா தேடும் படலம் ஆரம்பமானது. வலைக்காரர் ஒருவர் தடுப்பணைக்குக் கீழே பிடித்த மீன்களை எல்லாம் உயிரோடு கொண்டுவந்து கொடுத்தார். கெண்டை, கெளுத்தி, விரால், பெயர் தெரிந்தது, தெரியாதது. எதிர்வீட்டு வங்கி ஊழியரின் கண்ணாடித் தொட்டியிலிருந்து ஒரு மீனைக் கடன் வாங்கினாள். கிழவிகளின் வயிற்றிலிருந்து ஊசிக்குழாயால் கொஞ்சம் கொஞ்சமாகக் குஞ்சுகளை எடுத்து, வாளியில் மீனோடு விட்டு, செவுளில் ஒட்டியதும் மீனைத் தொட்டிக்கு மாற்றுவாள். தினமும் காலையில் பையைக் கழற்றி, அதில் தங்கியதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பாள்.

வீடு திரும்பியதும் என் கணவர், "என்ன, ஆயா கிடைச்சாளா?" என்று கேட்பார்.

"இன்னைக்கு வந்தவளும் சரியில்ல அண்ணா. பிள்ளைங்களைக் கொன்னுட்டா."

ஒவ்வொரு தொட்டியிலும் இதே கதைதான். பையில் கிடப்பவை எல்லாம் செத்த குஞ்சுகள். வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும், உப்புப் போட்டாலும் மூடாது. ஒரு மீனை ஒதுக்குவாள், அடுத்ததைப் பிடிப்பாள். எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் வேறு பேச்சே இல்லை. என்னிடம் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள்கூட, ஆயா கிடைத்தாளா என்று விசாரித்துவிட்டுத்தான் கையைத் தூக்குவார்கள்.

கடைசி மீனும் கைவிட்டது. கிழவிகளின் வயிறு காலி.

அன்று அவள் வீட்டுக்கு வந்ததும் நுண்ணோக்கியைத் துடைத்து உறையில் போட்டாள். "மேசை காலியா இருக்கும் அண்ணி இனிமே," என்றாள். மேசை காலியாக வேண்டும் என்று எத்தனை வருஷம் சண்டை போட்டிருப்பேன். அன்றைக்கு அது எனக்குப் பிடிக்கவே இல்லை. உறையைப் பிரித்து அதைத் திரும்ப உப்பு ஜாடிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கொட்டகையை உடனே கேட்டிருப்பார்கள். ஆனால் ஒப்படைப்புக் காகிதம் மேலாளர் ஆகட்டும் கையில் அல்லவா இருந்தது? அது அவர் மேசையில் மாதக்கணக்கில் தூங்கியது. வாழ்நாளில் அந்த மனிதரின் சோம்பேறித்தனத்தை நான் இரண்டு கையெடுத்துக் கும்பிட்டது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

ஒருவழியாக ஒப்படைக்கும் நாள் வந்தது. தொட்டிகளைக் காலி செய்து, இடத்தைக் கழுவிக் கொடுக்க வேண்டும். ஒத்தாசைக்கு நாங்கள் இருவரும் போனோம். என் கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். பம்பு, குழாய் எல்லாம் கழற்றத் தெரியும். எனக்கு எதுவும் தெரியாது. நான் தேநீரும் திட்டும் கொண்டுபோனேன்.

கொட்டகைக்குப் பின்னால், சுவரை ஒட்டி ஒரு செங்கல் வாய்க்கால் ஓடுகிறது. தொட்டிகளின் கழிவுத் தண்ணீர் எல்லாம் மேல் கோடியில் அதில் விழுந்து, கூடவே பண்ணைக் குளத்தின் பச்சைத் தண்ணீரும் கலந்து, கீழ்க் கோடியில் வெளியே போகும். கொட்டகைக்குள் ஒரு தூசி இருந்தால் தாங்கமாட்டாள் என் நாத்தனார். வாய்க்கால் அவள் பொறுப்பில்லை, பண்ணையின் பொறுப்பு. ஆகவே அதை யாரும் எட்டிப் பார்த்ததே கிடையாது. அடியில் மணலும் சேறும் படிந்து கிடந்தது. வண்ண மீனுக்கு நோய் வரக் கூடாதென்று அதை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொல்லியிருந்தார்கள். நான் பார்க்கிறேன் என்று என் கணவர் வாளியைத் தூக்கிக்கொண்டு மேல் கோடிக்குப் போனார். அவளும் மேலாளரும் உள்ளே சாவி ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழ்ப்பக்கம் நிழலில் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது தண்ணீருக்கடியில், மணலில், ஒரு பித்தான் கிடந்தது.

தையல்காரி கண்ணுக்குப் பித்தான் தப்புமா? தெருவில் கிடந்தாலும், பேருந்தில் கிடந்தாலும் குனிந்து எடுத்துவிடுவேன். குழந்தைச் சட்டைக்குத் தைக்கிற சின்ன அளவு, இளம் பழுப்பு, மேலே பச்சையில் மெல்லிய கோடு. நல்ல பித்தான்தான், யார் சட்டையிலிருந்து விழுந்ததோ என்று எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி இன்னும் சில. ஒரே அளவில், ஒரே நிறத்தில், அட, ஒரு சட்டைக்கே ஆகும்போல் இருக்கிறதே என்று குனிந்தபோது, என் உள்ளங்கையில் இருந்த பித்தான் திறந்துகொண்டு ஒரு வெள்ளைக் காலை வெளியே நீட்டியது.

அந்தக் காலால் என் கையை நக்கிப் பார்த்தது.

தேநீர்க் குடுவை ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். எனக்குச் சிப்பி சாஸ்திரம் தெரியாது, ஆனால் இத்தனை வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கால் நீட்டுவது எது, கோடு போட்டிருப்பது எது என்று எனக்குத் தெரியாதா? நிமிர்ந்து பார்த்தால், மேல் கோடியில் என் கணவர் குவளையால் வெள்ளைப் பொடியை அள்ளுகிறார்.

"ஏங்க, போடாதீங்க, கையை எடுங்க," என்று கத்தினேன்.

நான் கத்துவது அவருக்குப் புதிதா என்ன? காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குவளையை நிதானமாக வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு அடுத்ததை அள்ளக் குனிந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் கால் ஓடியது. ஓடிக்கொண்டே அவர் வம்சத்தையே இழுத்துத் திட்டினேன். அந்த வம்சத்தில் என் நாத்தனாரும் உண்டு என்பது அந்த நேரத்தில் நினைவில்லை.

நான் பாதி வழி போவதற்குள், சத்தம் கேட்டு அவள் வெறுங்காலோடு வெளியே ஓடிவந்தாள், பின்னாலேயே மேலாளரும் வந்தார். பித்தான் இருந்த உள்ளங்கையை மட்டும் நீட்டினேன். அவள் பார்த்தாள். வாய்க்காலைப் பார்த்தாள். மேலிருந்து பால் மாதிரி வெளுத்த தண்ணீர் மெதுவாக இறங்கி வந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். அடுத்த கணம் வாய்க்காலில் இறங்கி, தண்ணீருக்குக் குறுக்கே அப்படியே படுத்துவிட்டாள்.

ஆனால் அவள் ஈர்க்குச்சி. தண்ணீர் அவளைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தது.

"அண்ணி, வாங்க," என்றாள், கழுத்தை மட்டும் தூக்கிக்கொண்டு.

"எங்கடி?"

"எம் பக்கத்துல படுங்க. சீக்கிரம்."

நான் படுத்தேன். என் உடம்பைப் பற்றி எத்தனை பேர் எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறார்கள். அந்த வாய்க்காலுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. ஒரு சொட்டு கீழே போகவில்லை. வெளுத்த தண்ணீர் எங்களுக்கு மேல்பக்கமாகத் தேங்கியது. ப்ளீச்சிங் வாடை மூக்கைப் பிடுங்கியது, கண் எரிந்தது. இரண்டு பேரும் சேற்றில் மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்துக்கொண்டு கிடந்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவே எனக்கும் வந்துவிட்டது. நான் குலுங்கினால் அணை கசியும் என்பதால், "சிரிக்காதீங்க அண்ணி, ஆடாதீங்க," என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

என் கணவர் அப்போதுதான் எங்களைத் திரும்பிப் பார்த்தார். மனைவியும் தங்கையும் ஜோடியாகச் சாக்கடையில் படுத்திருக்கிறார்கள். பாவம், அவர் என்ன நினைத்தாரோ.

"பம்பை நிறுத்துடா," என்று அண்ணனை முதல் முறையாக டா போட்டுக் கத்தினாள். அவர் விழுந்தடித்துக்கொண்டு ஓடி நிறுத்தினார்.

தேங்கிய தண்ணீர் எங்கள் தோளைத் தாண்டும் நிலையில் இருந்தது. அதைக் கீழே விடாமல் வெளியேற்ற வேண்டும். "சார், வாய்க்காலோட வெளிப்பக்கச் சுவரை உடைங்க சார்," என்று அவள் மேலாளரிடம் கெஞ்சினாள். அவர் வழக்கம்போல், "ஆகட்டும், பார்க்கலாம்," என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்திருந்தால் அவரை ஒரு கை பார்த்திருப்பேன். எழுந்தால் அணை போய்விடும். ஆனால் அந்த மனிதர் சொல்லிக்கொண்டே கடப்பாரையை எடுத்தார். ஆகட்டும், ஆகட்டும் என்று முனகிக்கொண்டே செங்கல்லை நெம்பி நெம்பி உடைத்தார். வெளுத்த தண்ணீர் முழுக்கப் பக்கத்துத் தரிசு நிலத்தில் பாய்ந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையின் கதியைப் பற்றி நான் பேசவில்லை.

நாங்கள் எழுந்தோம். எங்களுக்குக் கீழே இருந்த மணலை அவள் கையால் அளைந்தாள். பித்தான்கள். அள்ளுகிற ஒவ்வொரு பிடியிலும் ஏழெட்டுப் பித்தான்கள். வாய்க்கால் நெடுக, மணலுக்குள் புதைந்துகொண்டு, பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஆயா வீட்டை விட்டு வந்த பிள்ளைகள் எல்லாம் மாதக்கணக்கில் அங்கேதான் சுகமாக வளர்ந்துகொண்டிருந்திருக்கின்றன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றை எடுப்பாள், அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பாள், என் கணவரின் கன்னத்தைக் கிள்ளுவாள், மேலாளரிடம் தேநீர் வடிகட்டியைக் கொடுத்து, "நீங்க அந்தப் பக்கம் சலிங்க சார்," என்பாள். அவரும் சலித்தார். என் கணவர் மட்டும் ஓரமாக நின்று, மேல் கோடியில் ப்ளீச்சிங்கில் வெந்துபோன சிலதைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தார்.

"விடு அண்ணா, உனக்கு என்ன தெரியும்," என்று அவள் அவர் கையிலிருந்து அவற்றை வாங்கிக்கொண்டாள். அப்போது மட்டும் கொஞ்ச நேரம் அவள் சிரிக்கவில்லை.

சரி, பைக்குள் இருக்க வேண்டியவை வாய்க்காலுக்கு எப்படி வந்தன? உள்ளே போய், மூட்டை கட்டி வைத்திருந்த பைகளில் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். துணி முழுக்க மங்கலாக இருந்தது. தையல் போட்ட இடம் மட்டும் வரிசை வரிசையாகப் பளிச்சென்று ஒளி விட்டது. அத்தனையும் ஊசி ஓட்டை. தடித்த ஊசியால், ஒன்றுக்கு மூன்று, நான்கு தடவை.

"அய்யோ அண்ணி," என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். "செத்ததுக்குக் கால் கிடையாது, அது பைக்குள்ளயே கிடந்துச்சு. உயிரோட இருந்ததுக்கெல்லாம் கால் இருக்கே. நடந்து நடந்து ஓட்டையைத் தேடி வெளிய போயிடுச்சுங்க. நான் தினமும் செத்ததை மட்டும் எடுத்துப் பார்த்துட்டு ஒப்பாரி வச்சிருக்கேன்."

"நான் தைச்சிருக்கணும்," என்று நான் கெத்தாகச் சொன்னேன். நான் தைத்திருந்தாலும் அதே ஓட்டைதான். ஊசி ஓட்டை போடாமல் எப்படித் தைக்கும்? ஆனால் அதை நான் ஏன் அன்றைக்குச் சொல்ல வேண்டும்?

மேலாளர் சேற்றுக் கையோடு கேட்டார்: "அப்ப ஆயா யாரும்மா?"

"தெரியல சார். எல்லாத் தொட்டித் தண்ணியும் இந்த வாய்க்கால்லதான் சேருது. எவ பிள்ளைன்னு தெரியல," என்றாள். தெரியாது என்பதை ஒருத்தி இத்தனை பூரிப்போடு சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார். சாவியை எடுத்து அவள் கையிலேயே திரும்பக் கொடுத்தார். வண்ண மீன் உத்தரவுக்குப் பதில் எழுத வேண்டுமே என்று என் கணவர் நினைவுபடுத்தினார். மேலாளர் ஆகட்டும், பார்க்கலாம் என்றார். இன்றுவரை எழுதவில்லை.

வாய்க்காலில் இப்போது ஒரு பலகை நிற்கிறது: இந்தச் சாக்கடையைச் சுத்தம் செய்யக் கூடாது. பண்ணைக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு மேலாளரை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அடுத்த பருவத்தில் மூன்று கிழவிகளில் இரண்டு திரும்பவும் குஞ்சு சுமந்தன. இந்த முறை பைகளைத் தைக்கவில்லை, பசை வைத்து ஒட்டினோம். அதில் தெரிந்தது ஆயா யார் என்று. கல்புரட்டி என்று ஒரு சின்ன மீன். சப்பை மூஞ்சி, மூக்கால் கூழாங்கல்லைப் புரட்டிப் புழு தின்னும். மூக்கை நுழைக்கக் கூடாத இடத்தில் நுழைப்பதே அதன் பிழைப்பு, தலைகவ்வியிடம் மாட்டாமல் என்ன செய்யும்? முந்தின வருஷம் அவள் ஒதுக்கித் தள்ளிய மீன்களில் அதுவும் ஒன்று. தொட்டி முன்னால் மண்டியிட்டு, "மன்னிச்சுக்கோ தாயி, உன்னைப் போய் கொலைகாரின்னுட்டேன்," என்று அவள் பேசிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

வாய்க்கால் பிள்ளைகள் கட்டைவிரல் அளவு ஆனதும் ஆற்றில் விடுவது என்று தீர்மானமாயிற்று. கல்புரட்டிகளும் கூடவே போகின்றன. தடுப்பணைக்கு மேலே இனி அவை அங்கேயே குடியிருக்கும். என்னை வரச் சொன்னாள். எனக்கு ஆறும் வேண்டாம், சேறும் வேண்டாம், ஒரு தடவை படுத்ததே போதும் என்றேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

காலை வெயிலில் தண்ணீர் முட்டி அளவு தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகமூடி மாட்டிக் குப்புறக் கிடந்து, ஒவ்வொன்றாக மணலில் குத்திக் குத்தி வைத்தாள். கூடை காலியாகும் நேரத்தில் ஒன்றை என் கையில் கொடுத்தாள். கால் போகிற பக்கம் கீழே, அழுத்தாமல் நட வேண்டும் என்றாள். நட்டேன். அது கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் ஒரு குலுக்குக் குலுக்கி மணலுக்குள் இறங்கியது. அது முழுக்க மறையும் வரை நான் குனிந்தபடியே நின்றேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

கரையில் உட்கார்ந்ததும், "இது எத்தனை வருஷம் இருக்கும்?" என்று கேட்டேன்.

"நல்லபடியா இருந்தா நாப்பது வருஷம் தாராளமா இருக்கும் அண்ணி." முகமூடியைக் கழற்றினாள். முகத்தில் அதன் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. "எனக்கு இத்தனை வருஷமா ஒரே பயம், யார்கிட்டயும் சொன்னதில்ல. இதுங்களைக் கடைசியாப் பார்த்த ஆள் நானா ஆயிடுவேனோன்னு. எனக்கு அப்புறம் இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு சொன்னா நம்பக்கூட ஆள் இருக்காதேன்னு."

"இப்ப?"

"இப்பவா?" அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு விரலை மடக்க ஆரம்பித்தாள். "இதுங்க கிழடாகும்போது அண்ணன் இருக்க மாட்டான். நீங்க இருக்க மாட்டீங்க. மேலாளர் நிச்சயமா இருக்க மாட்டார். நானும் போயிருப்பேன். இதுங்க இங்கயே இருக்கும் அண்ணி."

எங்கள் எல்லோரையும் ஒருவர் விடாமல் அனுப்பிவைத்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சாவை இத்தனை சந்தோஷமாக ஒருத்தி பேசி என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. வாயை மூடுடி என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன். வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை, அந்த ஈரச் சட்டையோடு அவளை அப்படியே சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.